மூட்டையின் கொழுப்பு

டிரைவர் ஸ்டியரிங்கைத் தொட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் தெருவில் அவருக்கு அந்தப் பெயர்தான். இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டியவர். நடுவில் குடி வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் சரக்குக் கிடங்கின் மதில்மேல் வண்டியை ஏற்றிவிட்டார். அவருடைய இடது காலைத் தவிர வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உரிமம் போயிற்று, வேலையும் போயிற்று. ஒரே ஒரு பையோடு தங்கை வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

தங்கையின் கணவருக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் இரண்டு மாதம் வீட்டில் இருந்தால் பெரிய விஷயம். தங்கை மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடியை அளந்து, அறுத்து, சட்டத்தில் பொருத்துகிறவள். காலை ஒன்பது மணிக்குப் போனால் திரும்ப ஏழு ஆகிவிடும். பகல் முழுக்க வீட்டில் டிரைவரும் மூட்டையும்தான்.

மூட்டை என்பது நாய். குட்டியாக வந்த அன்று, இறக்கிப் போட்ட இடத்திலேயே அசையாமல் கிடந்ததைப் பார்த்து டிரைவர் வைத்த பெயர். வைத்த வேளையோ என்னவோ, ஆறு வயதில் அது முப்பத்து நான்கு கிலோ மூட்டையாகவே ஆகிவிட்டது. பின்னங்காலைத் தூக்கித் தூக்கி வைக்க ஆரம்பித்ததும் கால்நடை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள்.

"முழங்கால்ல இருக்கற நார் பாதி கிழிஞ்சிருக்கு. உடம்பைக் குறைச்சா கத்தி வைக்க வேண்டாம். குறையலைன்னா ஆபரேஷன்தான்" என்றார் டாக்டரம்மா.

அந்த மருத்துவமனையில் குண்டு நாய்களை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. தராசு மொத்த எடையைத்தான் காட்டும். அதில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. அதனால் நாய்க்கு மயக்க ஊசி போட்டு, சி.டி. ஸ்கேன் எடுத்து, உடம்பைத் துண்டு துண்டாகப் படம் பிடித்து, கொழுப்பை மட்டும் கம்ப்யூட்டரை விட்டு எண்ணவைத்தார்கள். மூட்டையையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள். முதல் ஸ்கேனில் அதன் உடம்பில் பன்னிரண்டு கிலோ நூறு கிராம் கொழுப்பு இருந்தது.

அன்றிலிருந்து டிரைவர் வேறு ஆளாகிவிட்டார். தீனியைக் கிராம் கணக்கில் நிறுத்துப் போட்டார். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. அவருக்கு இடது கால், அதற்கு வலது கால். "நொண்டியும் நொண்டியும் ஊர்கோலம் போறோம்" என்று எதிர்ப்படுகிறவர்களிடம் அவரே சொல்லிச் சிரிப்பார். குடியை விட்டு அப்போது எட்டு மாதம். சாயங்கால வேளைதான் அவருக்குக் கஷ்டமான வேளை. அந்த நேரத்தில் கையில் ஒரு கயிறும், கயிற்றின் மறுமுனையில் ஒரு ஜீவனும் இருந்தது நல்லதாகப் போயிற்று.

மூன்று மாதம் கழித்து இரண்டாவது ஸ்கேன். முடிவைக் கேட்க அண்ணனும் தங்கையும் டாக்டரம்மாவின் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் சலவைச் சட்டை போட்டிருந்தார். பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி இருந்தார்.

டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். மூட்டையின் வயிறு குறுக்காக வெட்டிய மாதிரித் தெரிந்தது. கொழுப்பு இருக்கும் இடமெல்லாம் மஞ்சள்.

"எடை ஒரு கிலோ நானூறு குறைஞ்சிருக்கு. ஆனா கொழுப்பு குறையலை. முந்நூறு கிராம் ஏறியிருக்கு."

"அது எப்படி?" என்றாள் தங்கை.

"தசை கரைஞ்சிருக்கு. நடை போதலை. வேற ஏதோ உள்ள போகுது. இனிப்போ, எண்ணெய்ப் பண்டமோ..." டாக்டரம்மா டிரைவர் பக்கம் திரும்பினார். "பகல்ல நாயைப் பார்த்துக்கறது நீங்கதானே சார்?"

"நான்தான். ஆனா நான் எதுவும் குடுக்கலை."

"பாசத்துல குடுக்கறதுதான். எல்லா வீட்டுலயும் நடக்கறதுதான். மறைக்காம சொல்லிட்டா எங்களுக்கு உதவியா இருக்கும்."

"குடுத்திருந்தா சொல்லியிருப்பேன் டாக்டர்."

டாக்டரம்மா தாளில் எதையோ எழுதினார். ஆறு வாரத்தில் இன்னொரு ஸ்கேன் எடுப்பதாகவும், அப்போதும் இப்படியே இருந்தால் மூட்டையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு ஆபரேஷனுக்கு நாள் குறிப்பதாகவும் சொன்னார். டிரைவர் தங்கையைப் பார்த்தார். தங்கை திரையில் இருந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடு போய்ச் சேர்ந்தார்கள். செருப்பைக் கழற்றும்போதுதான் தங்கை கேட்டாள்.

"என்ன குடுத்தே அண்ணா?"

"ஒண்ணும் குடுக்கலை."

"அப்போ மெஷின் பொய் சொல்லுதா?"

"மெஷினைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? என்னைப் பத்தித் தெரியும். நான் குடுக்கலை."

"இதே மாதிரிதான் அப்பவும் சொல்லுவே" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று அவள் முகத்தில் தெரிந்தது. ஆனால் கொட்டிய சொல்லை அள்ள முடியுமா?

அவர் அந்தக் காலத்தில் பொய்தான் சொல்லியிருந்தார். ஒரு சொட்டுத் தொடவில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பாட்டில் வைத்திருந்தவர்தான். அதனால் கோபித்துக்கொள்ளக்கூட அவருக்கு வாய் வரவில்லை.

அடுத்த நாள் முதல் தீனி டப்பா தங்கையின் அறைக்குப் போய்விட்டது. வேலைக்குப் போகுமுன் அவளே அளந்து போட்டாள். மாலையில் வந்ததும் அவளே போட்டாள். பிஸ்கட் எல்லாம் மேல் தட்டுக்கு ஏறின. டிரைவர் நடைக்கு மட்டும் கூட்டிப் போனார். ஒரு நாள் நடை முடிந்து வந்தபோது தன் அறை வாசலில் தங்கை நிற்பதைப் பார்த்தார். அலமாரிக் கதவு சரியாகச் சாத்தப்படாமல் இருந்தது.

"துவைக்கற துணி இருக்கான்னு பார்த்தேன்" என்றாள்.

"வேணும்னா ஊதிக் காட்டவா?"

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"கேட்டிருந்தாக்கூடப் பரவாயில்லை பாப்பா."

அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள். டிரைவர் கட்டிலில் உட்கார்ந்தார். மூட்டை வந்து அவர் காலடியில் தொப்பென்று விழுந்தது. அன்று சாயங்காலம் அவருக்கு மிகவும் நீளமாக இருந்தது. மதுக்கடைப் பக்கம் போகும் கால் எது, வீட்டுப் பக்கம் போகும் கால் எது என்று தெரியாத மாதிரிக் கடைத் தெருவில் மூன்று சுற்றுச் சுற்றினார். நாய் கூடவே வந்தது. கடைசியில் அதற்கு மூச்சு வாங்கியதால்தான் வீடு திரும்பினார்.

ஒரு கட்டத்தில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. தனக்குத் தெரியாமல் அது வேறெங்காவது தின்கிறதோ? துப்பறியத் தொடங்கினார். குப்பைக் கூடையைச் சோதித்தார். கொல்லைக் கதவில் இடுக்கு இருக்கிறதா என்று தரையில் படுத்துப் பார்த்தார். நடைக்குப் போகும்போது ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு, மூட்டை போன காரியத்தையும் கிளறிப் பார்த்தார். எதிர்வீட்டுத் தையற்காரியிடம் போய், "எங்க நாய்க்கு நீங்க ஏதாவது போடறீங்களா?" என்று கேட்டார்.

"போடறதா? உங்க நாய் என் தையல் மிஷின் பெல்ட்டைத் தின்னுட்டுப் போச்சே போன வருஷம், அதுதான் நான் போட்டது" என்று அவள் கதவைச் சாத்தினாள்.

பெல்ட்டில் கொழுப்பு இருக்காது என்று டிரைவர் அவளையும் விட்டுவிட்டார்.

ஆறு வாரம் ஓடியது. ஸ்கேன் நாளன்று தங்கை விடுப்பு எடுத்துக்கொண்டு கூட வந்தாள். தராசில் மூட்டை சரியாக முப்பத்து இரண்டு கிலோ காட்டியது. இன்னும் அறுநூறு கிராம் குறைந்திருக்கிறது. ஆனால் எடை குறைவதை வைத்து யாரும் சந்தோஷப்படவில்லை. போன தடவையும் குறைந்துதானே இருந்தது?

ஸ்கேன் அறையில் இருந்த டெக்னீஷியன் நல்ல உயரம். கதவுக்குள் நுழையும்போதெல்லாம் பழக்கத்தில் தலையைக் குனிவார். டிரைவர் மனசுக்குள் அவருக்கு நெட்டையர் என்று பெயர் வைத்திருந்தார். முந்தைய தடவைகளில் நாயை வாசலிலேயே வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இந்தத் தடவை மூட்டை உள்ளே போக மாட்டேன் என்று நான்கு காலையும் ஊன்றிவிட்டது.

"ஊசி போடற வரைக்கும் நீங்களும் வாங்க சார். உங்களைப் பார்த்தா அடங்குது" என்றார் நெட்டையர்.

டிரைவர் தரையில் உட்கார்ந்து மூட்டையின் தலையைப் பிடித்துக்கொண்டார். ஊசி போட்டாயிற்று. மயக்கம் ஏறப் பத்து நிமிஷம் ஆகும். அதற்குள் நெட்டையர் ஸ்கேன் மேசையைத் தயார் செய்தார். வெந்நீர்த் தொட்டியிலிருந்து நீல நிறத்தில் ஒரு மெத்தையை எடுத்துத் துடைத்து, மேசைமேல் விரித்தார். விரல் வைத்தால் உள்ளே போகிற மாதிரி கொழகொழவென்று இருந்தது.

"இது என்ன தம்பி?"

"ஜெல் மெத்தை சார். மயக்கத்துல நாய்ங்க உடம்பு சில்லுன்னு ஆயிடும். பாவமா இருக்கும். அதான் நான் சொல்லி வாங்க வச்சேன். கதகதன்னு இருக்கும், நழுவவும் நழுவாது."

"முதல் தடவை வந்தப்பவே இருந்துச்சா?"

"இல்லை. அப்போ வெறும் பலகைதான். இது உங்க ரெண்டாவது ஸ்கேன் சமயத்துலதான் வந்துச்சு."

டிரைவர் மூட்டையின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். கை நின்றது.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. காலி வண்டி எடை எடுத்தீங்களா?"

"என்ன சார்?"

"எடை மேடையில முதல்ல காலி வண்டியை ஏத்துவோம். அப்புறம் சரக்கோட ஏத்துவோம். இதுல இருந்து அதைக் கழிச்சாதான் சரக்கு. ஒரு தடவை காலி வண்டியை வெயில்ல எடை போட்டாங்க. சரக்கு ஏத்தினதும் மழை. தார்ப்பாய் ஊறிக் கிடக்கு. நூத்தம்பது கிலோ கூடுதலாக் காட்டுச்சு. திருட்டுச் சரக்கு ஏத்திட்டேன்னு என்னைப் பிடிச்சு வச்சுட்டாங்க. தார்ப்பாயை அவுத்துப் போட்டு எடை போட்டுக் காட்டினதும்தான் விட்டாங்க."

நெட்டையர் சிரித்தார். "மேசையைக் கம்ப்யூட்டரே கழிச்சிடும் சார்."

"மேசையைக் கழிக்கும். சரி. மெத்தையை?"

நெட்டையரின் சிரிப்பு பாதியில் நின்றது. மெத்தையைப் பார்த்தார். பிறகு ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, எடை பார்ப்பது மாதிரிக் கையில் வைத்துப் பார்த்தார். மூட்டைக்கு அப்போதுதான் கண் சொக்க ஆரம்பித்திருந்தது.

"இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு. வாங்க சார், வெளியே வாங்க" என்று அவசரப்படுத்தினார்.

உதவிக்கு இருந்த நர்ஸ் நாயைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் பக்கத்து அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். மேசைமேல் மெத்தை மட்டும் கிடந்தது. மேசை மெல்ல நகர்ந்து ஸ்கேன் மெஷினின் வட்டத்துக்குள் போய்த் திரும்பி வந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நெட்டையர் திரைமுன் குனிந்து உட்கார்ந்து நாய்களுக்குப் போடும் அதே கணக்கைப் போட்டார். டிரைவர் அவர் தோளுக்குப் பின்னால் நின்றார். கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு திரையில் ஒரு பட்டை முழுவதும் மஞ்சளாயிற்று.

கொழுப்பு, ஒரு கிலோ எழுநூறு கிராம். தசை, இல்லை. எலும்பு, இல்லை.

நெட்டையர் எழுந்து கண்ணாடி வழியாக மெத்தையை எட்டிப் பார்த்தார்.

"இத்தனை நாளும் கொழுப்பு மெத்தைக்குத்தானா?" என்றார் டிரைவர். சிரிப்பா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நெட்டையர் டாக்டரம்மாவை ஓடிப்போய்க் கூட்டிவந்தார். தங்கையும் பின்னால் வந்தாள். டாக்டரம்மா திரையைப் பார்த்தார். எண்ணைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூட்டையின் போன தடவைப் படத்தைத் திறந்து ஒவ்வொரு துண்டாக நகர்த்தினார். வயிற்றின் அடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே கனத்தில் ஒரு மஞ்சள் பட்டை ஓடியது.

"தொங்கற அடிவயிறுன்னு நினைச்சேன்" என்றார் மெதுவாக. "கண் முன்னாடியே இருந்திருக்கு. ஜெல் ஸ்கேன்ல கொழுப்பு மாதிரியே தெரியுது. உடம்போட ஒட்டிக் கிடக்கறதால உடம்புன்னே எண்ணியிருக்கு. பன்னிரண்டு நானூறுல ஒண்ணு எழுநூறு போனா..."

"பத்து எழுநூறு" என்றாள் தங்கை. பகலெல்லாம் அளவுகளோடு இருக்கிறவள். கணக்கு அவள் வாயிலிருந்து தானாக வந்தது. "முதல்ல பன்னிரண்டு நூறு. அப்போ ஒரு கிலோ நானூறு குறைஞ்சிருக்கு."

"எடையும் அதே ஒரு கிலோ நானூறுதான் குறைஞ்சுது. குறைஞ்சது அத்தனையும் கொழுப்புதான். தசை அப்படியே இருந்திருக்கு." டாக்டரம்மா எழுந்து நின்றார். "சார், போன தடவை உங்களைப் பார்த்து நான் சொன்னது தப்பு. நீங்க சொன்னதுதான் நிஜம். மன்னிச்சிடுங்க."

டிரைவரிடம் இதுவரை யாரும் இப்படி மன்னிப்புக் கேட்டதாக நினைவில்லை. எல்லாம் அவர் கேட்டதுதான். "பரவாயில்லை டாக்டர். நாயைப் பாருங்க, மயக்கம் தெளிஞ்சுடப் போகுது" என்றார்.

மெத்தையைத் தூக்கிவிட்டு, வெறும் பலகைமேல் மூட்டையைப் படுக்கவைத்து ஸ்கேன் எடுத்தார்கள். எடுத்து முடித்ததும் நெட்டையர் தன் சொந்தக் கம்பளிச் சட்டையைக் கழற்றி அதன்மேல் போர்த்தினார். கணக்கு வந்தது. பத்து கிலோ நூறு. தசை குறையவில்லை; தொடையில் கொஞ்சம் கூடியே இருந்தது. "நல்ல நடை நடந்திருக்கு" என்றார் டாக்டரம்மா. முழங்காலையும் மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, இப்போதைக்குக் கத்தி வேண்டாம், இப்படியே போகட்டும் என்று சொன்னார்.

மெத்தை வந்த பிறகு மூட்டையையும் சேர்த்துப் பதினோரு நாய்களை அதன்மேல் படுக்கவைத்திருந்தார்கள். மீதிப் பத்து வீட்டுக்கும் இன்றைக்கே போன் செய்ய வேண்டும் என்று டாக்டரம்மா பட்டியலை எடுத்தார்.

"பத்து வீட்டுலயும் சண்டை நடந்திருக்குமே" என்று நெட்டையர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஒரு வீட்டுல புருஷன் பொண்டாட்டி பேசிக்கறதே இல்லைன்னு சொன்னாங்க. எல்லாம் என்னாலதான்."

டிரைவர் அவர் முதுகில் தட்டினார். எட்டித்தான் தட்ட வேண்டியிருந்தது. "குளிரக் கூடாதுன்னுதானே தம்பி போட்டீங்க. கெட்டது நினைச்சா போட்டீங்க? போன் பண்ணுங்க. இன்னைக்குப் பத்து வீட்டுல நல்லாச் சாப்பிடுவாங்க, நாயைத் தவிர."

டாக்டரம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மயக்கம் தெளியும் அறையில் அண்ணனும் தங்கையும் தரையில் உட்கார்ந்தார்கள். நடுவில் மூட்டை குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. தங்கை கம்பளிச் சட்டையை அதன் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

"அன்னைக்கு நான் உன் அலமாரியைத்தான் பார்த்தேன்" என்றாள்.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"சட்டையெல்லாம் ஓரம் பார்த்து மடிச்சு இருந்துச்சு. நான் அப்படி மடிக்கிறவனா? திருட்டுத்தனமா சோதனை போடறவ, கலைஞ்சு கிடந்த மாதிரியே வச்சிட்டுப் போக வேண்டாமா?"

அவள் சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே அழுகையாக மாறியது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"நீ திரும்ப ஆரம்பிச்சிட்டியோன்னு பயந்துட்டேன் அண்ணா. நாய்க்குக் குடுத்தது கூட பரவாயில்லை. இதுல பொய் சொன்னா அதுலயும் பொய் சொல்லுவியோன்னு... கடையில ஒரு வேலையும் ஓடலை. ரெண்டு பேருக்குப் பவரை மாத்தி வச்சிட்டேன்."

"அடிப்பாவி. அவங்க இப்போ எதுல போய் முட்டிக்கிட்டு நிக்கறாங்களோ!"

"விளையாடாதே."

"விளையாடலை பாப்பா. நான் உன்கிட்ட பொய் சொன்னப்பல்லாம் நம்பினே. எத்தனை தடவை! அதையெல்லாம் நினைச்சுப் பார்த்தா இந்த ஆறு வாரம் ஒண்ணுமே இல்லை." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "ஒரே ஒரு சாயங்காலம்தான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. கடைத் தெரு வரைக்கும் போயிட்டேன். இவனுக்கு மூச்சு வாங்குச்சு. திரும்பி வந்துட்டேன்."

தங்கை நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இந்த மாதிரி இன்னொரு நாள் வந்தா எங்க கடைக்கு போன் பண்ணு. நான் வந்துடறேன்" என்றாள்.

"உன் முதலாளி விடுவாரா?"

"அவர் கண்ணாடியே என்கிட்டதான் இருக்கு. விடாம எங்க போவார்?"

ஒரு மணி நேரத்தில் மூட்டை கண்ணைத் திறந்தது. எழுந்து நின்றது, உட்கார்ந்தது, திரும்ப எழுந்தது. நெட்டையர் வந்து தன் சட்டையை வாங்கிக்கொண்டார். அது முழுக்க நாய் மயிர். தட்டிவிடாமல் அப்படியே போட்டுக்கொண்டு வாசல்வரை வந்தார். டாக்டரம்மாவின் அறையைத் தாண்டும்போது அவர் போனில் யாரிடமோ, "இல்லைம்மா, உங்க மாமியார் மேல தப்பே இல்லை, தப்பு எங்க மேலதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

வெளியே நல்ல வெயில். மூட்டை தள்ளாடித் தள்ளாடி நடந்து, வாயிலுக்கு வெளியே இருந்த முதல் மரத்தடியில் நின்றது. வழக்கமாக ஒரு காலைத் தூக்கித்தான் மூத்திரம் பெய்யும். தூக்கினால் விழுந்துவிடுவோம் என்று அதற்கும் தெரிந்திருந்தது. நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு பெய்ய ஆரம்பித்தது. பெய்தது, பெய்தது, பெய்துகொண்டே இருந்தது. நடைபாதையில் வந்த இருவர் ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள்.

"இது எத்தனை கிலோ இருக்கும்?" என்றாள் தங்கை.

டிரைவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்கும்தான். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, மூட்டை முடிக்கும்வரை நடுத்தெருவில் நின்று சிரித்தார்கள்.